சபுராளி வீட்டுக் காரும் மணிமுத்தாற்று மலைப்பாதையும்

பெருநாளுக்கு மறுநாள் மணிமுத்தாறு அணைக்கட்டின் பக்கம் சென்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேலப்பாளையம், பேட்டை, வீரவநல்லூர், பொட்டல்புதூர், கடையநல்லூர் என்று நெல்லைச் சீமையின் நாலா பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் கார்களில் வந்து இறங்கும். டிக்கியைத் திறந்தால் பிரியாணிச் சட்டி, பாய், தண்ணீர்க் குடம், பிள்ளைகளின் மாற்றுடை எல்லாம் இருக்கும். மரநிழலில் வரிசையாக நிற்கும் அந்தக் கார்களுள் ஒன்றிரண்டு மட்டும் பானெட்டைத் தூக்கிக் கொண்டு நிற்பதையும் காணலாம். சுற்றி நான்கு பேர் நின்று ஆளுக்கொரு யோசனை கூறிக் கொண்டிருப்பார்கள். "போன தடவை வந்தபோது நன்றாகத்தானே ஓடியது" என்பார் உரிமையாளர். போன தடவை என்பது பெரும்பாலும் சென்ற ஆண்டு விடுமுறையாக இருக்கும்.

வாசகச் சகோதர சகோதரிகளே! நம் வீட்டுக் கார்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசலாம் என்று எண்ணுகிறேன். ஜீப்பையும் வேனையும் விட்டுவிடுவோம். ஐந்து பேர் அமர்ந்து, பின்னால் தனி டிக்கி வைத்த நடுத்தரக் கார், அதாவது செடான் என்று சொல்கிறார்களே, அதுதான் இங்கு பேச்சு. நம்மவர்க்கு அந்த வகைக் காரின்மீது தனி மோகம் உண்டு. விமான நிலையத்திலிருந்து வரும் பெட்டிகளுக்கும் கல்யாணச் சீர்ப் பொருட்களுக்கும் அந்த டிக்கியே வசதி. மரியாதையான தோற்றம் என்ற எண்ணமும் சேர்ந்து கொள்கிறது. நம்மில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்கும் நகைக்கும் அடுத்த பெரிய செலவு இந்தக் கார்தான். பாலைவன வெயிலில் பத்தாண்டு உழைத்த பணம் அது!

கை கியர்க் காலம்

முதலில் பழைய கதை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் அச்சில் வார்க்கப்பட்ட அம்பாசிடர், மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1957 முதல் உருவானது. 2014 மே மாதத்தில்தான் அதன் உற்பத்தி நின்றது. பம்பாயில் தயாரான பிரிமியர் பத்மினி இத்தாலிய பியட் 1100இன் மறுபிறவி. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நம் ஊர்களில் ஓடியதுண்டு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கிய காலம் அது.

அம்பாசிடர் வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அது போல ஒரு வண்டி வருமா?" என்று பெருமூச்சு விடுவார்கள். முன் இருக்கை ஒரே பெஞ்சாக இருக்கும். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடுவில் ஒருவர் தாராளமாக உட்காரலாம். பிள்ளைகளையும் சேர்த்து பத்துப் பேர் ஏறிப் போன கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பின்பக்கம் பட்டைப் பட்டையான லீப் ஸ்பிரிங், சக்கரமோ 15 அங்குலம். குண்டும் குழியுமான சாலையில் அது படகு போலப் போயிற்று.

ஆனால் நம்பகத்தைப் பற்றிக் கேட்டால், இன்னொரு பக்கத்தையும் அவர்களே சொல்வார்கள். மலை ஏறும்போது எஞ்சின் சூட்டில், அதன் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் பம்பும் கொதிக்கும். உள்ளே பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகும், வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டு ஒரு பீடி புகைத்து முடிப்பதற்குள் சூடு தணிந்து வண்டி கிளம்பும். ரேடியேட்டர் கொதித்தால் வாய்க்கால் தண்ணீர், பிளாட்டினம் பாயிண்ட் கருகினால் உப்புத்தாள் தேய்ப்பு. முன்சக்கரக் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்க மறந்தால் ஸ்டியரிங் ஆடும். உண்மையைச் சொன்னால், அம்பாசிடர் அடிக்கடி நின்றது. நின்ற இடத்திலேயே எழுந்தும் கொண்டது. அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் எந்தப் பட்டறையிலும் அதைப் பழுது பார்க்க ஆள் இருந்தது. அதைத்தான் நம் முன்னோர் நம்பகம் என்று அழைத்தார்கள்.

பின்பு காலம் மாறியது. 1990இல் மாருதி 1000 வந்தது. பார்க்க அழகிய கார். ஆனால் 970 சி.சி. எஞ்சினுக்கு அந்த உடம்பு பாரம்தான். ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு மேடேறினால் மூச்சு வாங்கும். 1994இல் 1300 சி.சி.யுடன் எஸ்டீம் வந்த பின்பே அந்தக் குறை தீர்ந்தது. 1995இல் சியலோ, 1998இல் ஹோண்டா சிட்டி, 1999இல் மறைமலைநகரிலிருந்து போர்டு ஐகான், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் என்று வரிசையாக வந்தன. பெட்ரோல் பம்பு டாங்கிக்குள் போய்விட்டது. கார்புரேட்டரின் இடத்தைக் கணினி பிடித்துக் கொண்டது. சாலையில் நின்று போவது அபூர்வமாயிற்று. ஆனால் நின்றால் ஈரத் துணியால் எழுப்ப முடியாது! கருவியை மாட்டிக் கோளாறு என்னவென்று படிக்கத் தெரிந்தவர் வேண்டும். இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஓடாத கார் கெடுவதேன்?

இங்கேதான் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. கார் பற்றிய நூல்களும் கையேடுகளும் நாள்தோறும் ஓடும் காரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. நம் சபுராளி வீட்டுக் காரோ பத்து மாதம் கொட்டகையில் நிற்கிறது. உரிமையாளர் துபாயிலிருந்தோ ரியாத்திலிருந்தோ வந்து இறங்கியதும், ஒன்றரை மாதத்தில் திருவனந்தபுரம், குற்றாலம், மணிமுத்தாறு, நான்கு கல்யாணம், ஏழு விருந்து என்று ஓட்டமான ஓட்டம் ஓடுகிறது. பிறகு மீண்டும் கொட்டகை. "ஆறு வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, புத்தம் புது வண்டி மாதிரி" என்கிறோம். மாதிரி என்பது சரிதான். புது வண்டி அன்று!

காரின் சில உறுப்புகள் ஓடி ஓடித் தேய்பவை. வேறு சில உறுப்புகளுக்குக் கிலோமீட்டர் தெரியாது, காலண்டர் மட்டுமே தெரியும். பாட்டரியை எடுத்துக் கொள்ளுங்கள். சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், அலாரம், கணினி இவற்றுக்காக அது சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக் கொண்டே இருக்கிறது. சில வாரங்களில் இறங்கிவிடும். முற்றிலும் இறங்கிய நிலையில் மாதக் கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து உயிரே போய்விடும். ஊருக்குப் புறப்படுமுன் மைனஸ் முனையைக் கழற்றி வைப்பதற்கு ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று பொருள். அதன் பொட்டுகளெல்லாம் புதிது போல இருக்கலாம். ஆனால் ரப்பர் வயதாகி இறுகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்பதும், எப்படித் தோன்றினாலும் பத்தாண்டுக்கு மேல் வைக்கலாகாது என்பதும் டயர் நிறுவனங்களே கூறும் அறிவுரை. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். அதை யாரும் பார்ப்பதில்லை.

பெட்ரோலின் கதை வேறு. 2023 முதல் படிப்படியாக வந்து, 2025க்குள் நாடெங்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமாகிவிட்டது. இதனால் மைலேஜ் குறைகிறது என்று பழைய கார் வைத்திருப்பவர்கள் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். ஓரளவு குறைவது உண்மையே என்று அரசும் ஒப்புக் கொண்டது. எவ்வளவு என்பதில்தான் வழக்கு. நமக்கு அதைவிட முக்கியமானது, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பது. பாதி டாங்கிப் பெட்ரோலோடு மழைக்காலம் முழுவதும் நிற்கும் காரில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்திய கார்களில் பலவற்றின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. நிறுத்தி வைக்கும் காரில் டாங்கியை நிரப்பி வைப்பது நல்லது. காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். மீண்டும் எடுக்கும்போது பெட்ரோல் குழாயை முகர்ந்தும் தடவியும் பார்த்து, கசிவில்லை என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் உருவான டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால் அந்தக் கரி தானே எரிந்து சுத்தமாகும். பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்குமாக மட்டும் ஓடினால் அடைத்துக் கொள்ளும். டீசல் செடான்கள் 2023இல் ஏறக்குறைய முற்றாகவே நின்றுவிட்டதால் இனிப் புதிதாக வாங்குபவர்க்கு இந்தக் கவலை இல்லை. பழையது வாங்குபவர்க்கு உண்டு.

எலியைச் சொல்லாமல் விடலாமா? நின்ற காரின் பானெட்டுக்கடியில் எலி கூடு கட்டி வயரைக் கடித்து வைப்பது நம் ஊர்களில் அன்றாடக் கதை. அதற்குப் புகையிலை முதல் மிளகுத்தூள் வரை நூறு வைத்தியம் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதைப் போன்ற வைத்தியம் வேறில்லை என்பது என் எண்ணம்.

நான்கு யூனிட் சூடு

ஆனால் மேலே சொன்னவையெல்லாம் வண்டி கிளம்பாமற் போகும் குறைகள். கிளம்பிய பின், அதுவும் மலையிலிருந்து இறங்கும்போது தெரியும் குறை ஒன்று உண்டு. பிரேக் ஆயில்தான் அது. இதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

118 அடி உயர மணிமுத்தாறு அணை காமராசர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அணையைக் கடந்து மேலே சென்றால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் காடுகள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று ஒரு பம்பாய்க் கம்பெனி வளர்த்த தோட்டங்கள் அவை. இப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்றே மேலே செல்ல இயலும். அணையிலிருந்து மாஞ்சோலை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதற்குள் பாதை ஓராயிரம் மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. குறுகிய சாலை, அடுக்கடுக்கான வளைவுகள், மழை கரைத்த ஓரங்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிய தாழ்வான செடானுக்கு உகந்த பாதை அன்று அது. அடித்தட்டு கல்லில் உரசி ஆயில் சம்ப்பில் விரிசல் கண்டால் நடுக்காட்டில் என்ன செய்வது? அம்பாசிடர் போன இடத்துக்கெல்லாம் இன்றைய செடான் போகாது. ஆனாலும் போகிறோம். போவதென்றால் சாமானைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

இறங்குவதுதான் சோதனை. ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை நான்கு மணி நேரம் தொடர்ந்து எரிய விட்டால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு சூடு! அதில் ஒரு பகுதியை டயரும் காற்றும் வாங்கிக் கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், அல்லது பிரேக் வாங்க வேண்டும். கிளட்ச்சை மிதித்துக் கொண்டோ நியூட்ரலில் போட்டோ "பெட்ரோல் மிச்சம்" என்று இறங்குபவர், அத்தனையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். மிச்சமும் இல்லை: இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்துவிட்டு இறங்கினால் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது; நியூட்ரலில் இறங்கினால்தான் எஞ்சினை உயிரோடு வைக்கப் பெட்ரோல் செலவாகிறது.

இனி பிரேக் ஆயிலுக்கு வருவோம். வழக்கமான டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ரப்பர்க் குழாய் வழியே ஆண்டுக்கணக்கில் ஈரம் புகுந்து, எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரி அளவுக்குச் சரிந்துவிடுகிறது. டாட் 4 வகையில் இதே எண்கள் 230, 155. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துச் சூடேற்றிக் கொண்டே இறங்கினால், பழைய ஆயில் சக்கரத்தருகே கொதித்து ஆவியாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் பஞ்சு போலக் கீழே போகும், வண்டி நிற்காது. இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்பதால் ஆறு ஆண்டாக ஆயில் மாற்றப்படாத கார் நம்மிடம் எத்தனை! இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதே பொதுவான விதி. அதற்காகும் செலவு ஒரு குடும்பம் மணிமுத்தாறு சென்று வரும் பெட்ரோல் செலவைவிடப் பெரிதாக இராது.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் பாடம். இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமினால் அஞ்ச வேண்டாம். ஆட்டோமாட்டிக் கார் என்றால் 'டி'யில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். 'எல்' என்றோ '2' என்றோ ஒரு நிலை இருக்கும். சிலவற்றில் கையால் கியரைக் குறைக்கும் வசதி இருக்கும். அதை முன்கூட்டியே கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். ஊத்தும் நாலுமுக்கும் தமிழகத்தில் மிக அதிக மழை பெய்யும் இடங்கள். வடகிழக்குப் பருவத்தில் அந்தப் பாதையின் ஈரத்தில் நான்காண்டு முதிர்ந்த டயருக்கும் புது டயருக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

வட்டிக் கடனில் இறங்க விரும்பாத குடும்பங்கள், கையிலுள்ள ரொக்கத்துக்கு ஏற்ற பழைய காரையே வாங்குகின்றன. அது நல்ல முடிவுதான். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபின் நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்கு வரி 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு என்றாகிவிட்டது. டிசையரும் அமேஸும் சிறிய வகையில் அடங்கும். சிட்டியும் வெர்னாவும் பெரிய வகையில். டிக்கியை நறுக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கும் வழக்கமே 2006ஆம் ஆண்டு வரிச் சலுகையின் பிள்ளைதான்.

பழைய காரில் முதலில் கேட்க வேண்டியது, கம்பெனி இன்னும் இருக்கிறதா என்பது. சியலோ செய்த டேவூ போய்விட்டது. செவர்லே 2017இலும், பியட் 2019இலும், போர்டு 2021இலும் இந்திய விற்பனையை நிறுத்திக் கொண்டன. ஓட்டுவதற்கு இனிமையானவை என்று உரிமையாளர்கள் புகழ்ந்த கார்கள் அவற்றுள் பல; ஐகானின் ஸ்டியரிங்கைப் பற்றி இன்றும் உருகுவோர் உண்டு. ஆயினும் ஒரு உதிரிப் பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கும்போது அந்த இனிமை நினைவுக்கு வராது.

அடுத்தது ஏர்பேக். தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளை ஊதச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட் வேதிப்பொருள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுகள் செல்லச் செல்லச் சீர்கெட்டு, விபத்தின்போது உலோகச் சிதறல்களோடு வெடிக்கும் என்று கண்டறியப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும் ஹோண்டா சிட்டி உள்ளிட்ட பல மாடல்கள் பல தவணைகளாக அழைக்கப்பட்டு, ஏர்பேக் பாகம் இலவசமாக மாற்றித் தரப்பட்டது. கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருக்கும். மூன்றாம் கைக்கு வந்த காரில் மாற்றப்பட்டதா இல்லையா என்பதை யார் சொல்வது? ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனியின் வலைத்தளத்திலோ சர்வீஸ் நிலையத்திலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அதற்கு முந்திய காரில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டைமிங் பெல்ட்டும் கேட்க வேண்டிய ஒன்று. எஸ்டீம் போன்ற பழைய கார்களில் எஞ்சினுக்குள் வால்வுகளை ஓட்டுவது ரப்பர் பெல்ட். பிறகு வந்த பலவற்றில் இரும்புச் சங்கிலி. பெல்ட்டுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு.

மேலும் ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் பட்ட பாட்டை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. மூழ்கிய காரை, தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்தவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த இயலாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஆன எஞ்சினுக்குச் சாதாரண முழு இன்சூரன்சில் பணம் கிடைப்பதில்லை; எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய கார்களில் சில, கழுவித் துடைக்கப்பட்டுப் பிற ஊர்ச் சந்தைகளில் விலைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அந்தக் கார் வேண்டாம்.

உள்ளே இருப்பவர்கள்

கோஷா குடும்பங்களின் அம்பாசிடரில் பின் கண்ணாடிக்குத் திரை தொங்கிய காலம் உண்டு. அதன் பின் கறுப்புத் தாள் வந்தது. கண்ணாடியில் தாள் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது; முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. இது சட்டத்துக்கு மட்டுமல்ல, மாலை மங்கிய பின் மலைப்பாதையில் வளைவைக் காண்பதற்கும் தேவை.

பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள், மடியில் மூன்று பிள்ளைகள் என்றால் யாருக்கு மாட்டுவது? முன் இருக்கையில் தாயின் மடியில் கைக்குழந்தை இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. மோதலில் ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரிகிறது. அது பெரியவரின் மார்பளவை எண்ணிச் செய்யப்பட்டது. குழந்தை பின்னால்தான் இருக்க வேண்டும், அதற்குரிய இருக்கையில். வளைகுடாவில் இந்த விதிகளை நம் பிள்ளைகள் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். அங்கிருந்து வரும்போது குழந்தைக்கான அந்த இருக்கையையும் பெட்டியோடு கொண்டு வந்தால் என்ன?

சாவி யார் கையில்?

சகோதரிகளே, கடைசியாக உங்களிடம் ஒரு பேச்சு. ஆண்கள் கடல் கடந்திருக்கும் வீட்டில் கார் கொட்டகையில் நிற்கிறது. நள்ளிரவில் மாமியாருக்கு நெஞ்சுவலி. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, டாக்சிக்காரருக்குப் போன் செய்து, முக்கால் மணி நேரம் வாசலில் நின்று தவித்த வீடுகள் நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல. சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டுவதற்கிருந்த தடை 2018 ஜூனில் நீங்கியது. நம் நாட்டிலோ தடை என்பது எந்நாளும் இருந்ததில்லை. இருந்தும் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், "பழக்கமில்லை" என்ற ஒரு சொல்தான் பதிலாக வருகிறது. பயிற்சிப் பள்ளிகளில் பெண்களே கற்றுத் தரும் இடங்களும் வந்துவிட்டன.

ஓட்டத் தெரிந்த பின் காருக்கும் ஒரு நன்மை உண்டு. வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. பாட்டரி போதிய அளவு சார்ஜ் ஆவதில்லை. எஞ்சின் ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது, எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட வேண்டும். போகும்போது ஏ.சி.யையும் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். நிறுத்தும்போது ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் வாரக்கணக்கில் ஒட்டிக் கொள்ளும். முதல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். பஜ்ருக்குப் பின் விடிந்து வரும் வேளையில் முக்கூடல் சாலையிலும் சேரன்மகாதேவி சாலையிலும் லாரி குறைவு, வெயிலும் இல்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்ல நேரம். லைசென்சையும் ஆர்.சி. நகலையும் கைப்பையில் எடுத்துக் கொள்ளுங்கள். புறப்படுமுன் நான்கு டயரிலும் காற்று இருக்கிறதா என்று ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள்.